கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் என்கிறார்களே, நம் இபி பில்லில் அது எவ்வளவு?

#1 குரோம்பேட்டை_55 (8 நவம்பர் 2025)

வணக்கம். டிசம்பருக்குள் எலக்ட்ரிக் காருக்கு மாறலாம் என்று இருக்கிறேன். குரோம்பேட்டையில் சொந்த வீடு, கீழே நாங்கள், மாடியில் வாடகைக்கு. சிறுசேரிக்குப் போய்வர ஒரு நாளைக்கு 55 கிலோமீட்டர். வார இறுதிச் சுற்றலையும் சேர்த்தால் மாதம் 1,400 வந்துவிடும். இப்போதைய பெட்ரோல் கார் ரேடியல் ரோடு நெரிசலில் லிட்டருக்கு 14 கொடுத்தால் அதிகம்.

ஷோரூமில் உட்கார்ந்ததுமே "ஒரு கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்தான் சார்" என்று ஆரம்பித்தார் அந்தத் தம்பி. யூனிட் என்ன விலை போட்டீர்கள் என்றால் "ஆறு ரூபாய்" என்கிறார். எங்கள் வீட்டில் இரண்டு ஏசி. கோடையில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் சர்வ சாதாரணம். அதற்கு மேல் காரும் வந்து சேர்ந்தால் ஆறு ரூபாய்க்கு யார் கரண்ட் தருவார்கள்? நம்ம இபி கட்டணத்தை வைத்து முழுசாகக் கணக்குப் போட்டவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். ஆப் காட்டுகிற கணக்கு வேண்டாம்.

#2 ஸ்லாப்_சாமி

ஒரு ரூபாய்க்கும் ஓடும், ஒன்றே முக்காலுக்கும் ஓடும். காரில் வித்தியாசம் இல்லை, வீட்டு பில்லில்தான்.

2024 ஜூலையில் மாற்றிய கட்டணம்தான் வீட்டு இணைப்புக்கு 2025 நவம்பரிலும். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 500-க்குள் முடித்தால் அடுத்த நூறு யூனிட்டுக்கு 2.35 ரூபாய் வீதம், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஒரு யூனிட் தாண்டி 501 ஆனாலும் அந்த 2.35 சலுகை போய்விடும், 101-லிருந்தே 4.70 போடுவார்கள். அப்புறம் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கு மேல் 11.55.

கார் இழுக்கும் யூனிட் எல்லாம் பில்லின் உச்சியில்தான் போய் உட்காரும். "எங்கள் வீட்டு சராசரி ஐந்து ரூபாய்" என்று சொல்லிக்கொண்டு அதைக் காருக்குப் போடுபவர்கள் தங்களையே ஏமாற்றிக்கொள்கிறார்கள்.

இன்னொன்று. டாடா நெக்ஸான் அளவுள்ள எலக்ட்ரிக் கார், ஏசியோடு நகரத்தில் யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்று திரையில் காட்டும். அது பேட்டரியிலிருந்து எடுத்த யூனிட். சுவரிலிருந்து பேட்டரிக்குப் போவதற்குள் 10 முதல் 15 சதவீதம் சூடாகிப் போய்விடும். இபி மீட்டர் கணக்கில் 6 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு இரண்டு மாதத்தில் 2,800 கிலோமீட்டர், அதாவது சுமார் 467 யூனிட். வீட்டுச் செலவு 600 என்றால் மொத்தம் 1,067. முதல் 200 யூனிட் 9.45 விலையில் 1,890. அடுத்த 200, 10.50 விலையில் 2,100. மிச்சம் 67 யூனிட்டுக்கு 774. கூட்டினால் 4,764. கிலோமீட்டருக்கு 1.70.

அதே காரை, வீட்டில் 200 யூனிட் மட்டும் செலவழிக்கும் ஒருவர் வாங்கினால் அவர் பில் 235 ரூபாயிலிருந்து 3,500 சொச்சத்துக்குப் போகும். கிலோமீட்டருக்கு 1.17. ஷோரூம் தம்பி சொன்னதற்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது பாருங்கள்.

பெட்ரோலில் உங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 லிட்டர், சென்னை விலை 101 என்று வைத்தால் 20,200. ஆக உச்ச ஸ்லாபிலேயே (விலைப் படியிலேயே) கட்டினாலும் மாதம் 7,700 மிச்சம். ஸ்லாபைப் பார்த்துப் பயந்து கைவிடுகிற கணக்கு இல்லை இது.

#3 அரைடேங்க்

சாமி கணக்கு சரி. ஆனால் மாதம் 1,400 ஓட்டுபவருக்கு மட்டும்தான் சரி.

என் கதையைக் கேளுங்கள். ஓய்வு பெற்றாயிற்று. கோயில், மார்க்கெட், பேத்தி ஸ்கூல். மாதம் 400 தாண்டாது. பெட்ரோல் செலவே மூவாயிரத்துக்குள். எலக்ட்ரிக் வாங்கினால் மிச்சமாவது மாதம் இரண்டாயிரம் சொச்சம். அதற்காக மூன்று நான்கு லட்சம் கூடக் கொடுத்தால் வட்டியே தின்றுவிடும்.

அதோடு, 2025 செப்டம்பர் 22-லிருந்து சின்ன பெட்ரோல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். முன்பு 28, அதற்கு மேல் செஸ் வேறு. எலக்ட்ரிக்குக்கு அதே 5. இடைவெளி குறைந்துவிட்டது. இதை எந்த யூடியூப் தம்பியும் சொல்ல மாட்டேன் என்கிறான்.

#4 பாலிசி_பாண்டி

அரைடேங்க் சாருக்கு: ஜிஎஸ்டியைச் சொன்னீர்கள், சாலை வரியை விட்டுவிட்டீர்கள். தமிழ்நாட்டில் பெட்ரோல் காருக்கு 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 15 சதவீதம், அதற்கு மேல் 20. எலக்ட்ரிக்குப் பூஜ்யம். 14 லட்சம் காரில் அது மட்டுமே 2.10 லட்சம். ஆனால் 2025 நவம்பர் நிலவரப்படி இந்த விலக்கு 2025 டிசம்பர் 31 வரைதான். நீட்டித்தாலும் நீட்டிப்பார்கள், அதை நம்பி ஜனவரிக்குத் தள்ளிப்போட நான் சொல்ல மாட்டேன். புக் செய்த தேதியை நம்பாதீர்கள், ரிஜிஸ்ட்ரேஷன் தேதியைக் கேளுங்கள். "வண்டி யார்டில் இருக்கு சார்" என்பார்கள். சேசிஸ் நம்பர் கொடுங்கள் என்றால் அப்போது தெரிந்துவிடும்.

வருமான வரியில் கார் கடன் வட்டிக்கு ஒன்றரை லட்சம் கழிவு உண்டு என்று இன்னும் சில விற்பனையாளர்கள் சொல்கிறார்கள். அது 2023 மார்ச் 31-க்குள் அனுமதியான கடனுக்கு. இப்போது வாங்குபவருக்குக் கிடையாது.

இன்ஷூரன்ஸ் என் தொழில் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தேர்ட் பார்ட்டியில் (நம் காரால் அடுத்தவருக்கு ஆகும் நஷ்டத்துக்கான கட்டாயக் காப்பீடு) எலக்ட்ரிக்குக்கு 15 சதவீதத் தள்ளுபடி என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் காரில் சிசி பார்ப்பது போல இதில் மோட்டாரின் கிலோவாட் பார்க்கிறார்கள். 30 கிலோவாட் வரை 1,780. 30-லிருந்து 65 வரை 2,904. அதற்கு மேல் 6,712. டாடாவின் சின்ன எலக்ட்ரிக் கார் தியாகோ ஈவி நடுவில் வரும். நெக்ஸான் ஈவியின் பெரிய பேட்டரி மாடல் 100 கிலோவாட்டைத் தாண்டும் என்பதால் நேராக 6,712. அதே நெக்ஸானின் 1.2 பெட்ரோலுக்கு 3,416தான். தள்ளுபடி கொடுத்தும் ஏறக்குறைய இரண்டு மடங்கு!

சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் காரின் மதிப்பை வைத்து, அதனால் அதுவும் கூடுதல்தான். ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காமல் தருவது), பேட்டரி கவர் இரண்டும் இல்லாமல் பாலிசி எடுக்காதீர்கள். பெட்ரோல் காருக்கு எழுதிப் பழகிய கையால் "இன்ஜின் ப்ரொடெக்ட்" என்று டிக் அடித்து எலக்ட்ரிக் காருக்குக் கொடுத்த பாலிசியையும் பார்த்திருக்கிறேன். எந்த இன்ஜின்?

#5 ஃபேஸ்_நியூட்ரல்

வயரிங் வேலை பார்ப்பவன். கார் வாங்கியவர்கள் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள், பத்தில் ஏழு வீட்டில் பிரச்சினை எர்த்.

காரோடு வரும் 15 ஆம்ப்ஸ் சார்ஜரைச் செருகியதும் சிவப்பு லைட் எரியும், சார்ஜ் ஏறாது. வண்டியில் குறை என்று ஷோரூமில் சண்டைக்கு நிற்பார்கள். மல்டிமீட்டரை எடுத்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தால் 20 வோல்ட், 30 வோல்ட் காட்டும். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த் பிட் எங்கே இருக்கிறது என்றே ஓனருக்குத் தெரியாது, மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். புதுசாக ஒரு பிட் அடித்துவிடுங்கள். கோடையில் அவ்வப்போது ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். இன்வெர்ட்டர் லைனிலும் இந்த சார்ஜர் பெரும்பாலும் எடுக்காது, முயற்சியே வேண்டாம்.

அடுத்தது பிளக். கிரைண்டர், வாஷிங் மெஷினுக்குப் போட்ட 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் செருகி ராத்திரி முழுக்க விட்டுவிடுகிறார்கள். கிரைண்டர் அரைமணி நேரம் ஓடும். கார் ஏழெட்டு மணி நேரம் விடாமல் இழுக்கும். மாடுலர் சுவிட்ச் போர்டின் பின்னால் ஸ்க்ரூ கொஞ்சம் லூசாக இருந்தால் போதும், முதலில் பிளக்கின் பின் பழுப்பாகும், அப்புறம் வாசனை வரும், கடைசியில் சாக்கெட் உருகும். மீட்டர் போர்டிலிருந்து தனியாக 4 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், தனி எம்சிபி, 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிபிஓ (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), முடிவில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எந்தக் காலத்திலும் கூடாது. முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் புறங்கையால் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு என்றால் பரவாயில்லை. கையை வைக்க முடியவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள்.

#6 குரோம்பேட்டை_55

சாமி சார், பாண்டி சார், ரொம்ப நன்றி. சேசிஸ் நம்பர் விஷயத்தை நாளைக்கே கேட்கிறேன்.

ஃபேஸ்_நியூட்ரல் அண்ணா, 7.2 கிலோவாட் வால் சார்ஜர் இலவசம், மாட்டித் தருகிறோம் என்கிறார்கள். எங்கள் வீடு சிங்கிள் ஃபேஸ். த்ரீ ஃபேஸுக்கு மாற்ற வேண்டுமா? மாடி வீட்டு சர்வீஸில் யூனிட் குறைவாகத்தான் ஓடுகிறது. காரை அதில் போட்டுவிட்டு அவர்களுக்குப் பணம் கொடுத்துவிடலாமா என்றும் ஒரு யோசனை.

#7 ஃபேஸ்_நியூட்ரல்

தம்பி, இலவசம் என்பது பெட்டி மட்டும்தான். அது 32 ஆம்ப்ஸ் இழுக்கும். 6 ஸ்கொயர் எம்எம் வயர், இபி ஆபீஸில் லோடு ஏற்ற விண்ணப்பம், த்ரீ ஃபேஸ் மீட்டர், அதற்கான கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். த்ரீ ஃபேஸ் வந்தாலும் பெரும்பாலும் அந்த சார்ஜர் ஒரே ஃபேஸில்தான் உட்காரும். அதே ஃபேஸில் ஏசியும் கீசரும் இருந்தால் எம்சிபி விழுந்துகொண்டே இருக்கும். எலக்ட்ரீஷியனிடம் ஃபேஸ் பிரித்துப் போடச் சொல்ல வேண்டும்.

நீங்கள் ஒரு நாளைக்குச் செலவழிப்பது 9 யூனிட். 15 ஆம்ப்ஸ் பாயின்ட்டில் நாலு மணி நேரத்தில் ஏறிவிடும். ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் இரண்டு மணிக்கு முடிந்தது. அதுக்கு எதுக்கு 7.2? ஒரே வீட்டில் இரண்டு எலக்ட்ரிக் கார், அல்லது ராத்திரி வந்து விடியற்காலை வெளியூர் கிளம்பும் ஆள் என்றால் சரி.

#8 ஸ்லாப்_சாமி

மாடி சர்வீஸ் யோசனை வேண்டாம். இன்றைக்கு நல்ல குடித்தனக்காரர், நாளைக்கு வேறு ஆள் வருவார். அவர் பில் 500-ஐத் தாண்டியதும் "உங்கள் காரால்தான் என் 2.35 சலுகை போனது" என்று கணக்குக் கேட்பார். கேட்பதிலும் நியாயம் இருக்கும். ஒரே குடும்பம் ஸ்லாபைப் பிரிக்க இரண்டாவது சர்வீஸ் வாங்குவதையும் இபி ஒப்புக்கொள்ளாது, கண்டுபிடித்தால் ஒன்றாக்கிவிடுவார்கள்.

மொட்டை மாடி உங்களுடையதா? அப்படியென்றால் சோலாரைப் பாருங்கள். 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 மானியம். நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும் என்றால் இரண்டு மாதத்துக்கு 720. நெட் மீட்டரில் அது கழிந்தால் உங்கள் 1,067 யூனிட் 347 ஆகிவிடும். ஏழாயிரத்து அறுநூறு சொச்சம் வர வேண்டிய பில், சில்லறைப் பிடித்தங்களை விட்டால், ஆயிரத்துக்குள். கார் பகலில் ஆபீஸில் நிற்கிறதே என்று கவலைப்படாதீர்கள். பகலில் இபிக்குக் கொடுத்து ராத்திரி வாங்கிக்கொள்வதுதான் நெட் மீட்டர். உச்ச ஸ்லாபில் இருப்பவருக்குத்தான் சோலார் சீக்கிரம் காசு திருப்பும். காரை வாங்கியதும் நீங்கள் அந்த ஜாதியில் சேர்ந்துவிடுவீர்கள்.

#9 மூன்றாவது_மாடி

சொந்த வீடு, மொட்டை மாடி என்று பேசுகிறீர்கள். பெருங்குடியில் 84 ஃபிளாட் இருக்கும் அபார்ட்மென்ட்டில் இருந்து எழுதுகிறேன். கார் வாங்க முடிவெடுக்க ஒரு வாரம் ஆனது. சார்ஜிங் பாயின்ட்டுக்கு அசோசியேஷன் சம்மதம் வாங்க ஏழு மாதம் ஆனது.

முதலில் தீ விபத்து பயம். அப்புறம் "காமன் கரண்ட்டைத் திருடுவார்கள்". அதன் பிறகு "ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்". கேட்கட்டுமே, அதற்குத்தானே அசோசியேஷன்! கடைசியில் ஒத்துக்கொண்டது, என் ஃபிளாட் மீட்டரிலிருந்தே தனி கேபிள் இழுத்து என் பார்க்கிங்குக்குக் கொண்டுவருவது. மீட்டர் ரூமிலிருந்து என் தூணுக்கு 60 மீட்டர். கேபிள், கேபிள் ட்ரே, துளை போட்ட இடத்துக்கு வாட்டர் ப்ரூஃப் என்று வயரிங் செலவு மட்டுமே நாற்பதாயிரத்தை நெருங்கிவிட்டது.

காமன் மீட்டரில் சப்-மீட்டர் வைத்துக்கொடுப்பதும் உண்டு. லிஃப்ட் உள்ள பெரிய கட்டிடத்தின் பொது இணைப்புக்கு முதல் யூனிட்டிலிருந்தே எட்டு ரூபாய்க்கு மேல். குறைந்த ஸ்லாபில் இருப்பவருக்கு நஷ்டம், என்னைப் போல 800 தாண்டுபவருக்கு லாபம். ஆனால் மாதாமாதம் ரீடிங் எடுத்து வசூல் செய்ய ஒரு ஆள் வேண்டுமே, அங்கேதான் சண்டை.

கார் பார்ப்பதற்கு முன் பார்க்கிங்கைப் பாருங்கள். பாயின்ட் கிடைக்காவிட்டால் எலக்ட்ரிக் வாங்கவே வாங்காதீர்கள். தெரு சார்ஜரை நம்பி தினசரி ஓட்டுவது பெட்ரோல் பங்க்கில் வரிசையில் நிற்பதைவிடக் கொடுமை.

#10 அரைடேங்க்

மேடம் சொன்னதுதான் அப்பட்டமான உண்மை. இதை முதல் பக்கத்தில் பின் செய்யுங்கள்.

#11 ஹைவே_இட்லி

தினசரி விஷயம் பேசியாயிற்று. நான் வெளியூர் பக்கம் சொல்கிறேன். மாதம் இரண்டு மூன்று தடவை சென்னை-மதுரை.

45 யூனிட் பேட்டரி. 460 கிலோமீட்டர். ஹைவேயில் 85-90-ல் போனால் ஒரு சார்ஜில் 280 வரை நிம்மதியாக வரும். 110-ல் அழுத்தினால் 220-தான். பெட்ரோல் காரில் வேகத்துக்கு நாம் கொடுக்கும் விலை டேங்க்கில் ஒளிந்துகொள்ளும், இதில் கண்ணெதிரே சதவீதமாக இறங்கும்.

கிளம்பும்போது நூறு. விக்கிரவாண்டி அல்லது உளுந்தூர்பேட்டையில் டிபன், திருச்சி தாண்டி ஒரு காபி. இரண்டு நிறுத்தமும் குடும்பத்தோடு போனால் எப்படியும் நிறுத்துகிற இடம்தான். சார்ஜ் 20-லிருந்து 80-க்கு முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடும். 80-க்கு மேல் நத்தை. அங்கேயே நின்று நூறாக்குகிறேன் என்று உட்கார்ந்திருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிட்டு அடுத்தவருக்கு வழி விடுங்கள்.

விலை யூனிட்டுக்கு 18-லிருந்து 25 வரை, அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஹைவேயில் கிலோமீட்டருக்கு மூன்றரையிலிருந்து நாலே முக்கால் ரூபாய் வரை. டீசல் காருக்கு ஐந்து ரூபாய் என்றால் பெரிய மிச்சம் இல்லை. வீட்டில் சார்ஜ் போடும் காசில் ஹைவேயில் போகலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஆப் விஷயம் பெரிய தலைவலி. ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஆப், ஒவ்வொரு ஆப்பிலும் ஒரு வாலெட், ஒவ்வொரு வாலெட்டிலும் நம் பணம் முன்னூறு நானூறு தூங்குகிறது. ஆப்பில் பச்சையாகக் காட்டும், நேரில் போனால் திரை இருட்டாக இருக்கும். அதனால் ஒரு இடத்துக்குப் போகும்போது அங்கிருந்து அடுத்த சார்ஜருக்குப் போகிற அளவு, குறைந்தது 15 சதவீதம் கையில் இருக்க வேண்டும். இரண்டு சார்ஜிங் கன் உள்ள இடத்தைவிட நாலு கன் உள்ள இடம் நல்லது, ஹோட்டலை ஒட்டிய இடம் அதைவிட நல்லது. ராத்திரி செக்யூரிட்டியாவது இருப்பார்.

டோல் நமக்கும் உண்டு, தள்ளுபடி இல்லை. 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ், 200 தடவை தாண்டலாம், அது எல்லா சொந்தக் காருக்கும் பொது.

#12 அரைடேங்க்

பொங்கலுக்கு முந்தின நாள் ராத்திரி உளுந்தூர்பேட்டையில் இந்தக் காபி, டிபன் கதையைச் சொல்லுங்கள் பார்ப்போம்.

#13 ஹைவே_இட்லி

பொங்கலுக்கு முந்தின நாள் நான் ரயிலில் போவேன் சார். 😀 கிண்டல் இல்லை, உண்மையாகவே. பண்டிகை நாளில் நாலு கனுக்குப் பன்னிரண்டு கார் நிற்கும். இரண்டு நாள் முன்னாடியோ, அதிகாலை மூன்று மணிக்கோ கிளம்ப முடிந்தால் காரில். இல்லாவிட்டால் வேண்டாம்.

#14 கொண்டைஊசி_14

குன்னூர்க்காரன். மலைக்கு எலக்ட்ரிக் கார் வரும்போது எல்லோரும் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது சதவீதம் மளமளவென்று இறங்கும். 35 கிலோமீட்டருக்குச் சமவெளியில் ஐந்து யூனிட் போதும் என்றால் இங்கே பதினொன்று, பன்னிரண்டு. பயப்பட வேண்டாம், இறங்கும்போது ரீஜெனில் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து அதைக் கரண்ட்டாக்கிப் பேட்டரிக்கு அனுப்புவது) கணிசமாகத் திரும்பி வரும். ஆனால் அதற்குப் பேட்டரியில் இடம் வேண்டும். ஊட்டி ஹோட்டலில் இலவச சார்ஜிங் என்று நூறு வரை ஏற்றிக்கொண்டு கிளம்பினால் திரும்ப வரும் கரண்ட்டுக்குப் போக்கிடம் இல்லை, ரீஜென் வேலை செய்யாது, முழுக்கப் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். பர்லியாருக்கு வருவதற்குள் பிரேக் வாசனை வந்துவிடும். 80, 85-ல் நிறுத்துங்கள். முழு ரீஜெனில் வைத்தால் பிரேக்கைத் தொடாமலே பாதி வளைவுகளைத் தாண்டிவிடலாம். பிரேக் பேட் தேயாதது இந்தக் காரின் பெரிய மிச்சம். மலைக்காரனைக் கேளுங்கள், தெரியும்.

#15 யாழ்_லீஃப்

வணக்கம், யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். உங்கட விலை எங்களுக்குப் பொருந்தாது, ஆனால் பற்றரி பற்றி ஒரு அனுபவம் சொல்லலாம்.

பத்து வருசத்துக்கு முன்னம் இலங்கைக்கு யப்பானில இருந்து பாவிச்ச நிசான் லீஃப் நிறைய வந்தது. 24 யூனிட் பற்றரி, அதைக் குளிராக்கத் தனி ஏற்பாடு ஒண்டும் இல்லை. எங்கட வெயிலுக்கு டாஷ்போர்டில இருக்கிற 12 கட்டமும் ஒண்டொண்டாய்க் குறைஞ்சு, ஒரு சார்ஜில 60, 70 கிலோமீட்டர் ஓடுற நிலைக்கு வந்த வாகனங்கள் கன. 2022-இல பெற்றோலுக்கு நாள் கணக்காய் வரிசையில நிண்ட காலத்தில, அந்தக் குறைஞ்ச கட்டத்தோடயே லீஃப் வைச்சிருந்தவை ராசா மாதிரி ஓடித் திரிஞ்சினம். மின்வெட்டு நேரம் பார்த்துச் சார்ஜ் போட வேண்டி இருந்தது, அது வேற கதை.

இப்ப வாங்குற ஆக்கள் ஒரு கேள்வி கேளுங்கோ: பற்றரியைக் குளிராக்கத் தண்ணி ஓடுதா, காத்து மட்டுமா?

#16 கொண்டைஊசி_14

யாழ் அண்ணன் சொன்னது முக்கியம். பழைய லீஃபைக் காட்டி "எலக்ட்ரிக் கார் பேட்டரி ஐந்து வருடத்தில் செத்துவிடும்" என்பவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. இன்று இங்கே விற்பவற்றில் பெரும்பாலும் திரவக் குளிரூட்டல், எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை செல். வாரன்டி பொதுவாக 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டர். சில மாடலுக்கு முதல் ஓனர் வரை 15 வருடம் என்று 2025-ல் அறிவித்தார்கள். "முதல் ஓனர்" என்ற சொல்லைக் கவனியுங்கள், விற்கும்போது அது இடிக்கும். எல்எஃப்பியை அவ்வப்போது நூறு வரை ஏற்றச் சொல்வார்கள். அப்போதுதான் சதவீதக் கணக்கு சரியாகக் காட்டும்.

#17 வாடகைவீடு_பல்லாவரம்

வீட்டு ஓனர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். சார்ஜ் போடச் சம்மதித்துவிட்டார், அதற்கே கும்பிடு. கையில் காசு குறைவு. பேட்டரிக்கு மட்டும் கிலோமீட்டர் வாடகை என்று ஒரு திட்டம் விளம்பரத்தில் பார்த்தேன், காரின் விலை பத்து லட்சத்துக்குள் வருகிறது. எப்படி?

#18 ஸ்லாப்_சாமி

எம்ஜி விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 என்று அறிவித்த திட்டம் அது. உங்கள் ஓனர் கரண்ட் விலையில் சார்ஜுக்கு 1.70. மொத்தம் 5.20. நல்ல மைலேஜ் தரும் பெட்ரோல் காருக்கு ஆகிற செலவை ஒட்டி வந்துவிட்டது. ஓட்ட ஓட்டத்தான் எலக்ட்ரிக் லாபம், இந்தத் திட்டத்தில் ஓட்ட ஓட்ட வாடகையும் ஏறும். சில ஃபைனான்ஸில் மாதம் இவ்வளவு கிலோமீட்டருக்குக் குறையாமல் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. கையெழுத்துப் போடுமுன் அந்த வரியைத் தேடுங்கள். உங்களுக்குச் சின்ன பேட்டரி உள்ள, இரண்டு மூன்று வருடம் ஓடிய கார் செகண்ட்ஸில் பொருந்தும். புது எலக்ட்ரிக்கின் விலை வேகமாகச் சரிவது விற்பவருக்கு வயிற்றெரிச்சல், வாங்குபவருக்கு அதிர்ஷ்டம். பேட்டரி ஆரோக்கிய ரிப்போர்ட் இல்லாமல் மட்டும் வாங்காதீர்கள்.

#19 மூன்றாவது_மாடி

மழைக்காலம் என்பதால் ஒன்று. 2023 மிக்ஜாம் நேரத்தில் எங்கள் பேஸ்மென்ட்டில் இடுப்பளவு தண்ணீர். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 தரம் என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரைமணி நேரம் தாங்கும் சோதனை. இரண்டு நாள் ஊறுவதற்கு அது பதில் இல்லை. வானிலை எச்சரிக்கை வந்தால் எல்லோரும் போல மேம்பாலத்துக்கோ மேட்டுக்கோ கொண்டுபோய் நிறுத்துங்கள், அதற்கு முன் 80 சதவீதமாவது ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு கரண்ட் வர நாளாகும். பேஸ்மென்ட் சார்ஜரின் மெயின் எம்சிபி மேல்தளத்தில் இருக்கட்டும். தண்ணீரில் இறங்கித்தான் ஆஃப் செய்ய வேண்டும் என்ற நிலை வரக்கூடாது.

#20 குரோம்பேட்டை_55

சர்வீஸ், டயர் செலவு பற்றி யாரும் சொல்லவில்லையே? டெலிவரி எடுக்கும் நாளில் என்ன பார்க்க வேண்டும்?

#21 ஹைவே_இட்லி

சர்வீஸ் செலவு சொற்பம். ஆயில் கிடையாது, ஏசி ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில், வீல் அலைன்மென்ட். டயர்தான் தின்னும். பேட்டரியால் கார் கனம், காலை வைத்ததும் இழுக்கும், முன் டயர் சீக்கிரம் தேயும். சிக்னலில் பச்சை விழுந்ததும் பைக்காரனோடு போட்டி போடுகிறவர்களுக்கு இன்னும் சீக்கிரம்.

டெலிவரியில் முதலில் ஸ்டெப்னி இருக்கிறதா என்று பாருங்கள். சில மாடலில் கிடையாது, பஞ்சர் கிட் மட்டும்தான். பெரம்பலூர் தாண்டி டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் அந்தக் கிட் ஒன்றுக்கும் உதவாது.

#22 ஃபேஸ்_நியூட்ரல்

இரண்டு விஷயம் ஷோரூம் ஆளிடம் நேரில் செய்துகாட்டச் சொல்லுங்கள் தம்பி. ஒன்று, 12 வோல்ட் பேட்டரி. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் இருந்தாலும் இந்தச் சின்ன பேட்டரி படுத்துவிட்டால் கதவுகூடத் திறக்காது, ஸ்கிரீன் வராது. ஊருக்குப் போய்க் காரைப் பல நாள் நிறுத்தி வைத்தவர்களிடமிருந்துதான் எனக்கு இந்த போன் வரும். சாவிக்குள் இருக்கும் சின்ன சாவியால் எந்தக் கதவைத் திறப்பது, பானெட்டை எப்படித் திறப்பது, ஜம்ப் கேபிள் எங்கே மாட்டுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, சார்ஜிங் கன் சில நேரம் கழற்ற வராமல் காரிலேயே பூட்டிக்கொள்ளும். பல மாடல்களில் அதை விடுவிக்க ஒரு கயிறு இருக்கும். பானெட்டுக்குள்ளா, டிக்கிக்குள்ளா என்று மாடலுக்கு மாடல் மாறும். பிடித்து இழுத்து ஒருமுறை செய்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். கன்னைப் பலங்கொண்ட மட்டும் ஆட்டி சாக்கெட்டையே உடைத்தவர் ஒருவர் வீட்டுக்குப் போய் வந்தேன், போன வாரம்தான்.